ரயில் நின்றவரைக்கும் இருந்த ஊர்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் தர்மண்ட் என்று ஒரு ஊர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே குடியிருப்பவர்கள் மொத்தம் 5 பேர். ஆனாலும் அது முறைப்படி பதிவான நகராட்சி. மேயர் உண்டு, கவுன்சில் உண்டு, ரயில் நிலையம்கூட உண்டு. நியூயார்க்கிலிருந்து வாஷிங்டன், சின்சினாட்டி வழியாக சிகாகோ போகிற, அமெரிக்கப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் கார்டினல் ரயில் வாரத்துக்கு மூன்று நாள் அந்த வழியாக வரும், ஏறவோ இறங்கவோ ஆள் இருந்தால் மட்டும் நிற்கும், இல்லையென்றால் அப்படியே போய்விடும். இதே நிலையத்தில் 1910 வாக்கில் ஒரு நாளைக்கு 15 பயணிகள் ரயில்கள் நின்றன. வருஷத்துக்கு 95,000 பேர்வரை ஏறி இறங்கினார்கள்.

இந்த இரண்டு விவரத்தையும் கேட்டவுடன் 'நிலக்கரி தீர்ந்தது, ஊரும் தீர்ந்தது' என்று முடித்துவிடத் தோன்றும். தர்மண்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அது பாதி பதில்தான். அந்த ஊருக்கு முன்னால் இன்றைக்கும் நிலக்கரி ரயில் போகிறது, அதே பாதையில், அன்றைக்கு ஓடியதைவிட நீளமாக. போகிறது, ஆனால் நிற்பதில்லை. தர்மண்டின் சரித்திரம் முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ரயில் எதற்காக அங்கே நின்றது, ஏன் நிற்பதை விட்டது என்று பார்த்துவிட்டால் மிச்சமெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

முதலில் அந்த இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஊரின் தலையெழுத்தில் பெரும்பகுதியை எழுதியது அந்த மலைதான்.

தர்மண்ட் இருப்பது நியூ ரிவர் என்ற ஆற்றின் கரையில். அது வட கரோலினா மலைகளில் உற்பத்தியாகி, வடக்கு நோக்கி வர்ஜீனியாவைக் கடந்து மேற்கு வர்ஜீனியாவுக்குள் நுழைகிறது. அப்பலாச்சியன் மலைத்தொடரைச் சுற்றிக்கொண்டு போகாமல் நேராக அறுத்துக்கொண்டு போகிற ஆறு. அதனால் உலகத்தின் மிகப் பழைய ஆறுகளில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். வயதைப் பற்றி நிலவியலாளர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை, 1 கோடி வருஷத்தில் ஆரம்பித்து 36 கோடி வருஷம் வரைக்கும் மதிப்பீடுகள் இருக்கின்றன. ஹிண்டன் என்ற ஊரைத் தாண்டியதும் ஆறு ஒரு ஆழமான மலையிடுக்குக்குள் இறங்குகிறது. இரண்டு பக்கமும் மலைச்சரிவு 1,000 அடிக்குக் குறையாமல் எழுந்து நிற்கும். சமதளம் என்று எதுவும் கிடையாது. ஆறு, கரை, உடனே மலை, அவ்வளவுதான். கீழே கௌலி பிரிட்ஜ் என்ற ஊரில் கௌலி ஆற்றோடு சேர்ந்து கனாவா ஆறாகி, ஒஹையோ ஆற்றுக்குப் போய், கடைசியில் மிசிசிப்பியில் கலக்கிறது.

ஆறு மலையை அறுத்தபோது நிலக்கரிப் படுகைகளையும் சேர்த்தே அறுத்துவிட்டது. மலைச்சரிவின் நடுவில், தரைக்கு அடியில் தோண்டிப் போக வேண்டிய அவசியமே இல்லாமல், கரிப்படுகை பக்கவாட்டில் வெளியே தெரிந்தது. ஃபயர் க்ரீக், சூவல் என்ற இரண்டு படுகைகளும்தான் பேர் போனவை. இங்கே கிடைத்த கரி அதிகம் புகையாமல் எரியும். தூரத்தில் வரும்போதே புகை காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று நினைக்கும் போர்க்கப்பல்களுக்கு இது எவ்வளவு உசத்தியான கரி என்று யோசித்துப் பாருங்கள். உருக்காலைக்கு வேண்டிய, கரியைச் சுட்டு எடுக்கும் கோக் என்ற எரிபொருள் செய்யவும் நல்ல சரக்கு.

கரி இருக்கிறது என்பது முன்பே தெரியும். வெளியே கொண்டுபோக வழி இல்லை. படகு விடலாம் என்றால் ஆறு முழுக்கப் பாறையும் சுழலும். சாலை போட இடமில்லை. 1860களின் முடிவில், கண்டத்தை இணைத்த ரயில்பாதையில் பெரும்பங்கு வகித்த அதே காலிஸ் ஹண்டிங்டன், செசபீக் அண்ட் ஒஹையோ ரயில்வேயைக் கையில் எடுத்தார். வர்ஜீனியாவிலிருந்து ஒஹையோ ஆறு வரை பாதை போட வேண்டும், அதற்கு இந்த மலையிடுக்கின் வழியாக ஆற்றை ஒட்டிப் போவதுதான் வழி. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டுச் சில வருஷங்களே ஆகியிருந்த கறுப்பின மக்கள். வர்ஜீனியா சிறையிலிருந்து கைதிகளையும் குத்தகைக்கு எடுத்துச் சுரங்கப்பாதை குடையவிட்டார்கள். யந்திரத்தோடு போட்டி போட்டு ஜெயித்துச் செத்துப்போனான் என்று அமெரிக்கா முழுக்கப் பாடப்படும் ஜான் ஹென்றியின் கதை இதே பாதையில், ஹிண்டனுக்குக் கிழக்கே டால்காட் ஊரில் இருக்கும் பெரிய சுரங்கப்பாதையோடுதான் சேர்த்துச் சொல்லப்படுகிறது. கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் 1873 ஜனவரி 29 அன்று ஹாக்ஸ் நெஸ்ட்டில் சந்தித்தன. அதே வருஷம் குவினிமாண்ட்டிலிருந்து ஜோசஃப் பியூரி என்பவர் முதல் நிலக்கரியை ரயிலில் ஏற்றி அனுப்பிவிட்டார். 1880களின் தொடக்கத்தில் பாதை கிழக்கே நியூபோர்ட் நியூஸ் துறைமுகம் வரை நீண்டது, அப்புறம் கரி நேராகக் கப்பலுக்கே போக ஆரம்பித்தது.

சரி, தர்மண்டுக்கு வருவோம். உள்நாட்டுப் போரில் தெற்கின் பக்கம் நின்ற கேப்டன் வில்லியம் தர்மண்ட் என்பவர் 1873இல் ஒரு நில அளவை வேலை செய்து கொடுத்தார். அதற்குக் கூலியாக அவருக்கு ஆற்றின் வடகரையில் 73 ஏக்கர் நிலம் கிடைத்தது. பாதி நிலம் செங்குத்துச் சரிவு. பார்க்கிற எவரும் ஏமாந்துவிட்டார் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த 73 ஏக்கரில் ஒரு விசேஷம் இருந்தது. மலையிடுக்கில் அபூர்வமாகக் கரை கொஞ்சம் அகலமாக இருந்த இடம் அது, எதிர்க்கரையில் லூப் க்ரீக் என்ற ஓடை மேலே உள்ள பீடபூமியிலிருந்து இறங்கி வந்து ஆற்றில் சேர்கிற இடமும் அதுதான். மலைப்பிரதேசத்தில் ரயில்பாதை போட வேண்டுமென்றால் ஓடை எங்கே வழி விட்டிருக்கிறதோ அங்கேதான் போட முடியும். மேலே இருக்கும் கரிவயல்களுக்குள் நுழைய லூப் க்ரீக்தான் வாசல், வாசலுக்கு நேர் எதிரே கேப்டனின் நிலம்.

லூப் க்ரீக் பக்கத்து நிலங்கள் ஒஹையோவைச் சேர்ந்த தாமஸ் மெக்கெல் கையில் இருந்தன, மனைவி வழியில் வந்தவை. மனைவி ஜீன் பெயரில்தான் மேலே உள்ள க்ளென் ஜீன் என்ற ஊர். மெக்கெல் ரயில்வேயோடு பேசி ஆற்றுக்குக் குறுக்கே பாலமும் ஓடையோரமாகக் கிளைப்பாதையும் வரவைத்தார். 1890களில் கிளைப்பாதை ஓட ஆரம்பித்ததும் ஓடையோரம் வரிசையாகச் சுரங்கங்கள் முளைத்தன. தர்மண்ட் ஊரானது அப்போதுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, நிலக்கரி ரயில்வே எப்படி வேலை செய்தது என்று சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்துச் சுரங்கத்தில் கரியைக் குவித்து வைக்க இடம் கிடையாது. மலை நடுவில் தோண்டிய கரி சரிவில் இறங்கி, கீழே தண்டவாளத்துக்கு மேல் கட்டியிருக்கும் மரக் கொட்டகையில் தரம் பிரிந்து, நேராக வேகனில் விழும். வேகன் இருந்தால் வேலை. வேகன் இல்லையென்றால் அன்றைக்குச் சுரங்கம் மூடல். சுரங்கத் தொழிலாளிக்கு நாள் சம்பளம் இல்லை, வெட்டிய டன்னுக்குத்தான் காசு. ஆக, ஒரு குடும்பம் நாளைக்குச் சம்பாதிக்குமா இல்லையா என்பது காலி வேகன் வருமா வராதா என்பதில் இருந்தது. சாயங்காலம் சுரங்கத்துச் சங்கு எத்தனை முறை ஊதுகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்களாம், மறுநாள் வேலை உண்டா என்பதை அதை வைத்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

அந்தக் காலி வேகன்கள் பெரிய பாதையில் வந்து தர்மண்ட் யார்டில் சேரும். எந்தச் சுரங்கத்துக்கு எத்தனை என்று பங்கிட்டுக் கொடுப்பதற்கென்றே ரயில்வேயில் ஓர் அதிகாரி உண்டு, அவர் ஆபீஸ் தர்மண்ட் நிலையத்து மாடியில். அந்த மாடி ஜன்னலைக் கீழேயிருந்து பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை. ஒரு சின்ன மர அறையில் உட்கார்ந்து ஒருவர் எழுதும் எண், மலைக்கு மேலே எத்தனை வீட்டு அடுப்பைத் தொட்டிருக்கும்! காலையில் சின்ன எஞ்சின்கள் காலி வேகன்களை இழுத்துக்கொண்டு ஓடையோரம் ஏறும், ஒவ்வொரு சுரங்கத்திலும் ஐந்தோ பத்தோ கழற்றிவிடும், நிறைந்த வேகன்களைப் பொறுக்கிக்கொண்டு பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி மெதுவாக இறங்கிவரும். யார்டில் அவற்றைக் கிழக்கே கடலுக்குப் போகிறவை, மேற்கே ஒஹையோவுக்குப் போகிறவை என்று பிரித்து நீண்ட ரயில்களாகக் கோப்பார்கள். சுற்றியிருந்த கிளைப்பாதைகளின் கரியெல்லாம் இந்த ஒரு புள்ளியில் வந்து திரண்டதால்தான் 1910 வாக்கில் அந்த ரயில்வே முழுவதிலும் சரக்கு வருமானத்தில் தர்மண்ட் முதலிடத்தில் இருந்தது. அத்தனைக்கும் ஊரின் மக்கள்தொகை எந்தக் காலத்திலும் 500ஐத் தொட்டதில்லை. உச்சமே 1930இல் எடுத்த கணக்கில் 462 பேர்தான்.

நீராவி எஞ்சினுக்கு வேறு வேண்டியவை ஏராளம். கொஞ்ச தூரம் ஓடியதும் தண்ணீர் வேண்டும், கரி வேண்டும், ஏறும்போது சக்கரம் வழுக்காமலிருக்க மணல் வேண்டும், சாம்பலைக் கொட்ட வேண்டும், கொதிகலனைப் பார்க்க வேண்டும், எண்ணெய் போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆள். பழுது பார்க்க ஷெட், ஷெட்டில் ஃபிட்டர்கள், கொதிகலன் மிஸ்திரிகள், ராத்திரி நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள்கிறவர்கள். 'ஒரு மணிக்கு உனக்கு வண்டி' என்று டிரைவர், ஃபயர்மேன் வீடுகளுக்குப் போய்க் கதவைத் தட்டி எழுப்ப ஒரு பையன். 1922இல் கட்டிய 500 டன் கொள்ளளவுள்ள கான்கிரீட் கரிக்கோபுரம் தண்டவாளத்தை ஒட்டி இன்னும் நிற்கிறது. கிட்டே போய்ப் பார்த்தால் மழைநீர் வழிந்து வழிந்து சுவரெல்லாம் கருப்பும் துருச்சிவப்புமாக நீளநீளமாகக் கோடு விழுந்திருக்கிறது, மேலே எஞ்சினுக்குக் கரி சரிந்து விழும் இரும்புத் தாரைகள் அப்படியே தொங்குகின்றன. ஒரு கட்டடமாக அதை அழகு என்று சொல்ல மாட்டார்கள். எனக்கு அந்த ஊரிலேயே பிடித்தது அதுதான். அலங்காரத்துக்கென்று ஒரு கோடுகூட இல்லாமல் வேலைக்காகவே கட்டியது, நூறு வருஷமாகியும் அப்படியே நிற்கிறது.

இப்போது ஊரைக் கவனியுங்கள். தர்மண்டில் வீதி கிடையாது. கடைத்தெரு என்று சொல்லப்படுவது மூன்று செங்கல் கட்டடங்கள்: 1904இல் எழுந்த மேங்கின்-காக்ஸ் கட்டடம், 1906இல் வந்த குட்மன்-கின்கெய்ட் கட்டடம், கடைசியாக தர்மண்ட் நேஷனல் பேங்க். வாசற்படி இறங்கினால் நடைபாதை, நடைபாதையை அடுத்துத் தண்டவாளம். குதிரைவண்டி போக வழியில்லை, போக ஓர் இடமும் இல்லை. 1921 வரைக்கும் ஊருக்குச் சாலையே கிடையாது, ரயிலில்தான் வர வேண்டும், ரயிலில்தான் போக வேண்டும். வீடுகள் மலைச்சரிவில் கடைகளுக்குப் பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். நிலையம் தண்டவாளத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில் கிடைத்த ஒட்டுத்துண்டில் ஒல்லியாக நீளமாக நிற்கிறது. முந்தைய நிலையம் 1903இல் எரிந்துபோனதால் 1904இல் இதைக் கட்டினார்கள்.

நான் கடைத்தெரு முன்னால் நின்றுகொண்டிருந்தபோது இந்தப் பாதையை இப்போது நடத்துகிற சி.எஸ்.எக்ஸ் கம்பெனியின் கரி ரயில் ஒன்று வந்தது. பேங்க் வாசலுக்கும் வேகனுக்கும் நாலைந்து எட்டுதான் இடைவெளி. முதலில் காலுக்கடியில் ஒரு அதிர்வு, பிறகு சத்தம், அப்புறம் ரொம்ப நேரத்துக்கு ஆறும் எதிர்க்கரையும் மறைந்து, இரும்புச்சுவர் ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. பழைய ஜன்னல் கண்ணாடிகள் கடகடவென்று ஆடின. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு காலத்தில் ஆட்கள் பணம் எண்ணியிருக்கிறார்கள், நகை விற்றிருக்கிறார்கள், துணி கிழித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். இரண்டு பேங்க், இரண்டு ஹோட்டல், உணவகங்கள், நகைக்கடை, சினிமாக் கொட்டகை, சுரங்க ஊர்களுக்கெல்லாம் இறைச்சி அனுப்பிய ஆர்மர் கம்பெனி கிடங்கு எல்லாம் இந்த ஒற்றை வரிசையிலும் அக்கம்பக்கத்திலும் அடங்கியிருந்தன. 462 பேருக்கு இத்தனை எதற்கு? அவர்களுக்காக அல்ல. சம்பளத்தன்று கிளைப்பாதை ரயிலில் இறங்கி வந்த ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளர்களுக்காக, அடுத்த ரயிலுக்குக் காத்திருந்த வியாபாரிகளுக்காக, கரி கம்பெனி முதலாளிகளுக்காக.

கேப்டன் தர்மண்ட் கட்டுப்பாடான பாப்டிஸ்ட் கிறிஸ்தவர். தன் நிலத்தில் ஒரு சொட்டு மது கூடாது என்று கண்டிப்பாக இருந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவர் நிலம் அல்ல. அங்கே மெக்கெல் 1901இல் டன் க்ளென் என்று 100 அறைகள் கொண்ட ஹோட்டலைத் திறந்தார். சாராயக்கடைகள், சூதாட்டம், கச்சேரி, எல்லாம் அந்தக் கரையில். டன் க்ளென்னில் ஒரு சீட்டாட்டம் 14 வருஷம் நிற்காமல் நடந்தது என்று சொல்வார்கள். ஆற்றில் மிதந்து வந்த பிணத்தின் பையில் 80 டாலரும் ஒரு துப்பாக்கியும் இருக்க, துப்பாக்கியை மறைத்து வைத்திருந்த குற்றத்துக்காகப் பிணத்துக்கே 80 டாலர் அபராதம் போட்டார்கள் என்று இன்னொரு கதை. எவ்வளவு நிஜமோ, எவ்வளவு சேர்த்ததோ. இந்தக் கதைகளையே திரும்பத் திரும்பச் சொல்லி தர்மண்டை ஏதோ கேளிக்கை ஊராக மட்டும் காட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த ஹோட்டலுக்கு வந்து விழுந்த காசு எங்கிருந்து வந்தது என்பதையும் கூடவே சொல்ல வேண்டாமா?

1900 மார்ச்சில் அதே மலையிடுக்கில் இருந்த ரெட் ஆஷ் சுரங்கம் வெடித்து 46 பேர் இறந்தார்கள். 1915 மார்ச்சில் அதே ஃபயெட் கவுண்டியின் லேலண்ட் சுரங்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரிய விபத்துகள் மட்டும்தான் செய்தியாகும், கூரைக்கல் விழுந்து ஒருவர் இருவராகப் போனவர்கள் கணக்கில் மட்டும் இருக்கிறார்கள். தெற்கு மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பின மக்கள், ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள், சுற்றுவட்டார மலைக் குடியானவர்கள் எல்லோரும் அந்தச் சுரங்கங்களில் ஒன்றாக வேலை செய்தார்கள், வெளியே வந்ததும் தனித்தனிக் குடியிருப்புகளுக்குப் பிரிந்து போனார்கள். 1890களில் அதே மலையிடுக்கின் நட்டால்பர்க் என்ற சுரங்க ஊரில் ஆலிவர் ஜோன்ஸ் என்ற கறுப்பினச் சுரங்கத் தொழிலாளி இருந்தார். உள்நாட்டுப் போரில் வடக்குக்காகச் சண்டையிட்டவர், எழுத்துப் படிப்பு இல்லாதவர். அவர் வீட்டில் சாயங்காலம் சுரங்கத் தோழர்கள் கூடுவார்கள். கூட வேலை பார்த்த ஒரு இளைஞனிடம் தினமும் செய்தித்தாள் வாசித்துக் காட்டச் சொல்வார்கள். அந்த இளைஞர் கார்ட்டர் வுட்சன். பிற்காலத்தில் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்று, கறுப்பின மக்களின் வரலாற்றை ஒரு படிப்பாகவே நிலைநாட்டினார். அமெரிக்காவில் பிப்ரவரி மாதம் முழுக்க அந்த வரலாறு கொண்டாடப்படுவதற்கு விதை போட்டவரும் அவர்தான். தன் மக்களின் கதையில் தனக்கு ஆர்வம் பிறந்தது அந்தக் கரித்தொழிலாளியின் வீட்டில்தான் என்று அவரே எழுதியிருக்கிறார். மலையிடுக்கைப் பார்க்கப் போகிறவர்களிடம் சீட்டாட்டக் கதைக்கு முன்னால் இதைத்தான் நான் சொல்லுவேன்.

இனி சரிவு. ஒரே நாளில் நடந்ததல்ல. 1914இல் மேற்கு வர்ஜீனியா மாநிலம் மதுவிலக்கு கொண்டுவந்தது, அக்கரை வியாபாரத்துக்கு முதல் அடி. 1921இல் சாலை வந்தது. சாலை வந்தால் ஊர் வளரும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள், இங்கே தலைகீழாக நடந்தது. ரயிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்று ஆனதும், மேலே பீடபூமியில் தாராளமாக இடமிருந்த ஓக் ஹில், பெக்லி போன்ற ஊர்களுக்கு வியாபாரம் நகர்ந்தது. காரை நிறுத்தக்கூட இடமில்லாத பள்ளத்துக்கு யார் இறங்கி வருவார்கள்? 1930இல் டன் க்ளென் ஹோட்டல் தீப்பிடித்து எரிந்தது, யாரோ வைத்த தீ. பொருளாதாரப் பெருமந்தத்தில் பேங்குகளும் போயின.

அப்படியும் ஊர் சாகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மது போய், ஹோட்டல் போய், பேங்க் போன பிறகும் யார்டும் ஷெட்டும் இருந்தன, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இரவு பகலாக வேலை நடந்தது. எஞ்சின் நிற்கிறவரைக்கும் ஆளுக்கு வேலை இருந்தது. கடைசி அடியைக் கொடுத்தது டீசல். கரி ஏற்றிப் பிழைக்கிற ரயில்வே என்பதால் செசபீக் அண்ட் ஒஹையோ, மற்ற கம்பெனிகள் டீசலுக்கு மாறிய பிறகும் நீராவியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது, வாடிக்கையாளரின் சரக்கையே எரிப்பது விசுவாசமாகவும் இருந்தது, மலிவாகவும் இருந்தது. 1950களின் நடுவில் அதுவும் முடிந்தது. டீசல் எஞ்சினுக்கு நடுவழியில் தண்ணீர் வேண்டாம், சாம்பல் கொட்ட வேண்டாம், கொதிகலன் மிஸ்திரி வேண்டாம். மூன்று நான்கு எஞ்சின்களைக் கோத்து ஒரே குழு ஓட்டிவிடும். தர்மண்ட் என்ற ஊர் ரயிலுக்குச் செய்துவந்த அத்தனை சேவையும் சில வருஷங்களுக்குள் யாருக்கும் தேவைப்படாததாகிவிட்டது.

மலையிடுக்கிலிருந்த சுரங்கங்களும் அதே காலத்தில் ஒவ்வொன்றாக மூடின, உண்மைதான். நட்டால்பர்க் 1958இல், கேமூர் 1962இல். ஆனால் மாநிலத்தில் கரி வெட்டுவது நிற்கவில்லை. 2008இல்கூட மேற்கு வர்ஜீனியா 15 கோடி டன்னுக்கு மேல் கரி வெட்டியது. அதில் ஒரு பங்கு இதே தண்டவாளத்தில்தான் கடலுக்குப் போனது. பக்கத்துச் சுரங்கங்கள் மூடினாலும் நீராவி இருந்திருந்தால் தர்மண்டில் ஒரு ஷெட்டும் நூறு குடும்பங்களும் இருந்திருக்கும். அதனால்தான் நிலக்கரி தீர்ந்ததால் ஊர் தீர்ந்தது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

1978இல் ஆற்றின் இந்தப் பகுதி தேசியப் பாதுகாப்புக்குள் வந்தது, 2020 டிசம்பரில் தேசியப் பூங்காவாகவே உயர்ந்தது. ஊரில் பெரும்பாலான கட்டடங்கள் இப்போது பூங்காத் துறை வசம். 1995இல் ரயில் நிலையத்தைப் பழுதுபார்த்து வருகையாளர் மையமாக ஆக்கினார்கள், அருமையான வேலை. மர வேலைப்பாடும் ஜன்னல்களும் பழையபடியே இருக்கின்றன. எஞ்சின் ஷெட் மட்டும் 1993இலேயே எரிந்துபோய்விட்டது, எனக்கு அது ஆறாத வருத்தம். தர்மண்டின் உயிரே அந்த ஷெட்தான், ஹோட்டலோ பேங்கோ அல்ல. டன் க்ளென் நின்ற இடத்தில் இப்போது ரப்பர் படகுக்காரர்கள் ஆற்றில் இறங்குகிறார்கள்.

அந்த ஐந்து பேர் விஷயத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. 2015 பிப்ரவரியில் தர்மண்ட் கவுன்சில், வேலையிலும் வீட்டு வாடகையிலும் பொது இடங்களிலும் பாலின ஈர்ப்பு, பாலின அடையாளம் காரணமாக யாரையும் ஒதுக்கக்கூடாது என்று ஒருமனதாகச் சட்டம் போட்டது. அமெரிக்காவிலேயே அப்படிச் சட்டம் போட்ட மிகச் சின்ன ஊர் அது. ஐந்து பேர்தானே, இதெல்லாம் எதற்கு என்று இருந்திருக்கலாம். ஊராட்சி என்று ஒன்று இருக்கிறவரைக்கும் அதைப் பயன்படுத்துவோம் என்று நினைத்தார்களே, அவர்கள்மேல் எனக்கு மரியாதை.

போக நினைக்கிறவர்களுக்கு: காரில் என்றால் 19ஆம் நெடுஞ்சாலையில் க்ளென் ஜீன் வெளிவழியில் இறங்கி, 25ஆம் எண் மாநிலச் சாலையில் ஓடையோரமாக 7 மைல். குறுகிய சாலை, நீளமான வண்டிகள் வேண்டாம். பழைய கிளைப்பாதை போன ஓடையோரம் இதுதான் என்பதால் மெதுவாகப் போங்கள், வழியில் ஓர் அருவியும் வரும். கடைசியில் ஆற்றைக் கடக்கும் ரயில் பாலத்தின் பக்கவாட்டில் ஒட்டவைத்தாற்போல் ஒற்றைத் தடச் சாலை இருக்கிறது, எதிரில் வண்டி வந்தால் ஒருவர் காத்திருக்க வேண்டும். ரயிலில் என்றால் கார்டினல் நியூயார்க்கிலிருந்து ஞாயிறு, புதன், வெள்ளி புறப்படுகிறது, சிகாகோவிலிருந்து செவ்வாய், வியாழன், சனி. தர்மண்டில் தங்க இடமோ டாக்ஸியோ கிடையாது, அதனால் ஏற்பாடு இல்லாமல் இறங்கிவிடாதீர்கள். ஆம்ட்ராக் முழுவதிலும் மிகக் குறைவான பயணிகள் பயன்படுத்தும் நிலையங்களில் இது ஒன்று, அதனால் டிக்கெட் எடுக்கும்போது தர்மண்ட் என்றே ஊர்ப்பெயர் போட்டு எடுங்கள். வருஷக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது அதில் ஒன்று கூடியிருக்கும்.